கத்திரிக்கு முன்னால் கரண்ட் பில்லைக் குறைக்க எதில் முதலில் கை வைப்பது? (வேலூர், மேல் மாடி வீடு)

சத்துவாச்சாரி மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு சத்துவாச்சாரியில். கீழ் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மேலே நாங்கள் இருக்கிறோம். தலைக்கு மேல் மொட்டை மாடி, அதற்கு மேல் நேராகச் சூரியன்தான். பக்கத்தில் ஒரு வேப்பமரம் இருந்தது, ரோட்டை அகலமாக்கும்போது அதுவும் போய்விட்டது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். மாமியாருக்கு 78 வயது, மூச்சிரைப்பு உண்டு. வீட்டுக்காரருக்கு ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷிப்ட் வேலை, இரவு ஷிப்ட் வாரத்தில் பகல் பதினோரு மணிக்கு அவர் தூங்கியாக வேண்டும். அதனால் 'அந்தக் காலத்தில் ஏசியா இருந்தது', 'மாடியில் பாயைப் போட்டுப் படுங்கள்' என்கிற யோசனைகள் வேண்டாம். சொந்தக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

போன வருடத்து வெள்ளை அட்டையைப் பார்த்து எழுதுகிறேன். ஜனவரி-பிப்ரவரி 290 யூனிட். மார்ச்-ஏப்ரல் 520. மே-ஜூன் 810, பில் ஐயாயிரத்துக்குக் கிட்டே வந்தது. வீட்டில் இருப்பவை: மேற்குப் பக்க அறையில் ஒன்றரை டன் ஏசி ஒன்று, ஏழு வருடப் பழசு, இன்வெர்ட்டர் ஏசி (தேவைக்கு ஏற்ப வேகத்தைக் குறைத்து ஓடும் ரகம்) இல்லை. நாலு ஃபேன். 190 லிட்டர் ஃப்ரிட்ஜ். வாஷிங் மெஷின். போர் மோட்டார் 1 ஹெச்பி, அது எங்கள் மீட்டரில்தான் ஓடுகிறது, கீழ் வீட்டுக்கும் அதே டேங்க். கரண்ட் போனால் ஓட யுபிஎஸ்ஸும் பேட்டரியும் இருக்கின்றன. லைட் எல்லாம் ஏற்கெனவே எல்இடி.

சீட்டு எடுத்ததில் 15,000 ரூபாய் கையில் இருக்கிறது. புது ஏசியைத் தவணையில் எடுக்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். நாலு ஃபேனையும் பிஎல்டிசி (குறைந்த கரண்டில் ஓடும் புது ரக ஃபேன்) ஆக்கச் சொல்கிறார் கொழுந்தனார். எதிர்வீட்டில் மாடிக்கு கூலிங் பெயின்ட் அடித்துவிட்டு அதன் பெருமை தாங்கவில்லை. பெரியவன் சோலார் சோலார் என்று உயிரை எடுக்கிறான். இருக்கிற பணத்தில் எதை முதலில் செய்வது?

ஆரணி பொடியன்:

அக்கா, உங்கள் பையன் சொல்வது சரிதான். 2024 பிப்ரவரியில் வந்த பிஎம் சூர்யகர் என்கிற மத்திய அரசின் மாடி சோலார் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம் இருக்கிறது. நம் பக்கத்து வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு நாலு யூனிட் கொடுக்கும். மாடியில் பேனல் நின்றால் தளத்துக்கு நிழலும் கிடைக்கும், இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் மானியம் பின்னால்தான் வரும். முதலில் முழுப் பணத்தையும் கட்டவேண்டும், இல்லை வங்கிக் கடன் எடுக்கவேண்டும். 15,000-ஐ வைத்துக்கொண்டு இந்தக் கோடைக்குள் நடக்காது.

காட்பாடி கூலிங்:

ஏசி சர்வீஸ் செய்கிறவன் பேசுகிறேன். தவணையில் புது ஏசி எடுக்கும் முன் இருக்கிற ஏசியைக் கவனியுங்கள். ஃபில்டரை நீங்களே கழற்றி, குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டலாம். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை செய்யுங்கள். வெளியே இருக்கும் யூனிட்டின் பின்பக்கத் தகடு புழுதியில் அடைத்திருந்தால் சூடு வெளியேறாது, கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். பைபாஸ் ரோட்டுப் பக்கம் இருக்கிற வீடுகளில் அந்தத் தகட்டில் மண் கம்பளி மாதிரி படிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. வருகிற ஆள் எடுத்த எடுப்பில் 'கேஸ் கம்மியா இருக்கு, போடணும்' என்றால் நம்பாதீர்கள். ஏசியில் கேஸ் செலவாகும் பொருள் இல்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் கேஸ் போட்டால் அடுத்த சித்திரையில் அதே ஆள் அதே வார்த்தையோடு வருவார்.

வெளி யூனிட் மாடியில் வெயிலில் நின்றால் அதற்கு மேலே ஒரு ஷீட் போட்டு நிழல் கொடுங்கள். காற்று வெளியே தள்ளும் முன்பக்கத்தை மட்டும் மறைக்கக் கூடாது. சிலர் வெயில் படக்கூடாது என்று நாலு பக்கமும் கட்டிவிடுகிறார்கள், அது இன்னும் கெடுதல்.

புது ஏசியே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். இரவெல்லாம் ஓடும் வீட்டுக்கு ஐந்து ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசி நல்ல லாபம். ஆனால் அது அடுத்த வருட வேலை.

வாலாஜா வயர்மேன்:

அம்மா, நான் வாலாஜாபேட்டை. கம்பம் ஏறி ஓய்வு பெற்றவன். கடைக்குப் போவதற்கு முன் மீட்டர் பெட்டிக்குப் போங்கள்.

முதலில் பில் ஏறும் விதத்தைச் சொல்கிறேன், பாதிப் பேருக்கு இது தெரிவதில்லை. கணக்கு எளிதாக இருக்க 2022 செப்டம்பர் கட்டணத்திலேயே சொல்கிறேன். 2024 ஜூலையில் இன்னும் கொஞ்சம் ஏறியது, ஆனால் தட்டுகள் (எத்தனை யூனிட் வரை என்ன விலை என்கிற படிகள்) மாறவில்லை. முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். மொத்தம் 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரை 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். 500-ஐ ஒரு யூனிட் தாண்டிவிட்டால் அந்த 2.25 சலுகை போய்விடும், 101-லிருந்தே 400 வரை 4.50 போடுவார்கள், 500 வரை அதே 6 ரூபாய். அப்புறம் 600 வரை 8, 800 வரை 9, ஆயிரம் வரை 10.

அப்படிப் பார்த்தால் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். உங்கள் மார்ச்-ஏப்ரல் 520-க்கு 2,110. கடைசி 20 யூனிட் மட்டும் 385 ரூபாயைத் தின்றிருக்கிறது. அந்த 20 யூனிட்டைக் குறைக்க ஏசி மாற்றவேண்டுமா என்ன? மே-ஜூனில் நீங்கள் மிச்சம் பிடிக்கும் யூனிட் எல்லாம் மேல் தட்டிலிருந்து கழியும், ஒவ்வொன்றும் 8, 9 ரூபாய். ஜனவரியில் அதே ஒரு யூனிட்டைக் குறைத்தால் 4.50 தான். அதனால் கோடையில் சின்னக் கசிவையும் விடக்கூடாது.

சரி, கசிவு எங்கே என்று பார்ப்பது எப்படி? மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கும். அதன் பக்கத்தில் 3200 என்றோ வேறு எண்ணோ போட்டிருக்கும். 3200 என்றால் அத்தனை தடவை மினுக்கினால் ஒரு யூனிட். வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, ஃப்ரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஒரே ஒரு பொருளை மட்டும் போடுங்கள். ஒரு மினுக்குக்கும் அடுத்த மினுக்குக்கும் எத்தனை விநாடி என்று செல்போனில் பாருங்கள். 1125-ஐ அந்த விநாடியால் வகுத்தால் வாட்ஸ் வரும். 15 விநாடி என்றால் 75 வாட்ஸ், அது சாதாரண ஃபேன். ஏசி போட்டால் விநாடி கணக்கு ஆகாது, படபடவென்று அடிக்கும், ஒரு நிமிடத்தில் எத்தனை என்று எண்ணுங்கள். 80 வந்தால் 1,500 வாட்ஸ். மீட்டரில் 1600 என்று போட்டிருந்தால் 1125-க்குப் பதில் 2250. கண்ணால் பார்த்தால் போதும், பெட்டியைத் திறப்பது, சீலைத் தொடுவது எதுவும் கூடாது.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விளக்கு மினுக்கினால் எனக்கு எழுதுங்கள்.

அடுத்தது மோட்டார். உங்கள் பட்டியலைப் படித்ததும் என் கண் அங்கேதான் நின்றது. 1 ஹெச்பி மோட்டார் ஓடினால் மணிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் இழுக்கும். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து தினம் ஒன்றரை மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மாதத்தில் 100 யூனிட் ஆகிவிடும். அரசாங்கம் இலவசமாகத் தருகிற 100-ம் மோட்டாருக்கே சரி. மழைக்காலத்தில் டேங்க் எவ்வளவு நேரத்தில் நிரம்பியது, இப்போது எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். நம் பாலாற்றில் மணலும் இல்லை தண்ணீரும் இல்லை, கோடையில் போரில் மட்டம் இறங்கத்தான் செய்யும். ஆனால் நேரம் இரண்டு மடங்கு ஆகியிருந்தால் மட்டம் மட்டும் காரணமாக இருக்காது. குழாய் ஜாயின்ட்டில் ஒழுகலாம். வால்வு சரியாக மூடாமல், ஏறின தண்ணீர் திரும்பப் போருக்குள்ளேயே இறங்கலாம். நின்ற மோட்டாரின் குழாயில் காதை வைத்துக் கேளுங்கள், தண்ணீர் இறங்கும் சத்தம் வந்தால் வால்வை மாற்றுங்கள். செலவு சில நூறு ரூபாய். விடியற்காலையில் மோட்டார் போடுங்கள், இரவெல்லாம் ஊறி மட்டம் கொஞ்சம் ஏறியிருக்கும். டேங்க் வழியும் சத்தம் கேட்டுத்தான் மோட்டாரை அணைப்பது என்ற வழக்கம் இருந்தால் டேங்க் நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்ச் ஒன்று மாட்டிவிடுங்கள்.

மாடிக்கு வருகிறேன். காங்கிரீட் தளம் பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டு ராத்திரி ஒரு மணி வரைக்கும் கீழே கக்கும். உங்கள் ஏசி அறைக் காற்றைக் குளிரவைக்கவில்லை, கூரையோடு சண்டை போடுகிறது. அதற்கு விலை உயர்ந்த பெயின்ட்தான் வேண்டும் என்பதில்லை. தளத்தைத் தேய்த்துக் கழுவி, பாசியெல்லாம் எடுத்து, ஊறவைத்து வடிகட்டிய சுண்ணாம்பில் ஃபெவிகால் கலந்து இரண்டு கோட் அடியுங்கள். கூலியோடு சேர்த்தாலும் பெயின்ட் விலையில் ஒரு பங்குதான் ஆகும். ஐப்பசி மழையில் கொஞ்சம் உதிரும், அடுத்த மாசியில் திரும்ப அடிக்கவேண்டும். பெயின்ட் சில வருடம் நிற்கும், அது அதன் நல்ல குணம். எந்த வெள்ளையாக இருந்தாலும் மேலே புழுதி படிந்தால் வேலை செய்யாது, பெருக்கி வையுங்கள்.

ஃபேன் விஷயத்தில் உங்கள் கொழுந்தனார் பாதி சரி. நாலையும் மாற்றத் தேவையில்லை. எது இரவும் பகலும் ஓடுகிறதோ அதை மட்டும் மாற்றுங்கள், மாமியார் அறையாகத்தான் இருக்கும். 75 வாட்ஸ் போய் 30 வாட்ஸ் ஆகும். தினம் 18 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 48 யூனிட் மிச்சம். விருந்தாளி வந்தால் மட்டும் சுற்றுகிற ஃபேனுக்கு மூவாயிரம் ரூபாய் போடுவது வீண். பழைய பெட்டி ரெகுலேட்டர், கை வைத்தால் சுடுமே, அது எங்காவது மிச்சம் இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மாட்டுங்கள்.

குடியாத்தம் அக்கா:

வயர்மேன் ஐயா சொன்னது எல்லாம் சரி, சமையலறையை மட்டும் விட்டுவிட்டார், ஆம்பிளைகள் விடுவார்கள். ஃப்ரிட்ஜ் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறதா, சுவரோடு ஒட்டி இருக்கிறதா பாருங்கள் தங்கச்சி. பின்பக்கம் ஒரு சாண் இடம் வேண்டும். 190 லிட்டர் என்றால் ஐஸ் தானாகக் கரையாத ரகமாகத்தான் இருக்கும். ஃப்ரீசரில் ஐஸ் கட்டி சுவர் மாதிரி நின்றால் கரண்ட் போகும், வாரம் ஒரு முறை அணைத்துக் கரையவிடுங்கள். கதவு ரப்பருக்கு நடுவில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், லேசாக உருவி வந்தால் ரப்பர் போய்விட்டது.

வீட்டுக்காரர் பகலில் தூங்குவதற்கு ஏர் கூலர் யோசித்தீர்களா? சென்னையில் இருக்கிற என் நாத்தனார் கூலரைக் கேலி செய்வாள். அங்கே கடல் காற்றில் ஈரம் அதிகம், கூலர் வேலை செய்யாது. நம் பக்கம் சித்திரை வைகாசிப் பகலில் காற்று அப்பளம் காய்கிற மாதிரி வறண்டு கிடக்கும், பிய்த்துக்கொண்டு குளிரும். 200 வாட்ஸுக்குள் அடங்கும். ஆனால் ஜன்னலைத் திறந்து வைத்து வெளிக்காற்றை இழுக்கிற மாதிரி வைக்கவேண்டும். கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுக் கூலர் போட்டால் ஒரு மணி நேரத்தில் அறை கசகச என்று ஆகி மூச்சு முட்டும். அதனால் உங்கள் மாமியார் அறையில் வேண்டாம். சாயங்காலம் இடி மழை பெய்த அன்றைக்கும் போட்டுப் பிரயோஜனம் இல்லை.

மேற்கு ஜன்னலுக்கு உள்ளே கனமான திரை போடுவதைவிட வெளியே பச்சை வலையோ கீற்றுத் தட்டியோ கட்டுங்கள். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு திரை போட்டு என்ன செய்வது? நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று நம் ஊரைச் சும்மாவா சொன்னார்கள். மொட்டைப் பாறை மலை ராத்திரியிலும் சூட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும், நிழலை நாம்தான் கட்டிக்கொள்ளவேண்டும்.

சத்துவாச்சாரி மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலை பெரியவனைக் கையில் போனோடு மீட்டர் முன்னால் நிறுத்திவிட்டு நான் ஒவ்வொன்றாகப் போட்டேன். எங்கள் மீட்டரிலும் 3200 தான் போட்டிருக்கிறது.

ஏசி நிமிடத்துக்கு 88 காட்டியது. மோட்டார் 57. மோட்டாரை நிறுத்திவிட்டுக் காதை வைத்தோம், தண்ணீர் இறங்குகிற சத்தம் வரவில்லை. ஆனால் கீழ் வீட்டு பாத்ரூமில் ஃப்ளஷ் டேங்க் நிற்காமல் ஒழுகிக்கொண்டிருந்தது, அவர்கள் சொல்லவே இல்லை. பிளம்பர் வந்து சரிசெய்துவிட்டார். இப்போது சாயங்காலம் மோட்டார் போடும் வேலையே பெரும்பாலும் இல்லை.

ஐயா, நீங்கள் கேட்ட விஷயம்: எல்லா சுவிட்சையும் அணைத்து, ஃப்ரிட்ஜ், டிவி, செட்டாப் பாக்ஸ் எல்லாம் பிடுங்கிய பிறகும் விளக்கு மினுக்குகிறது. 15 விநாடிக்கு ஒரு தடவை. அப்படியென்றால் யாருக்கும் காற்று வராமல் ஒரு ஃபேன் இரவும் பகலும் ஓடுவதாகத்தானே கணக்கு? பெரியவன் கணக்குப் போட்டு இரண்டு மாதத்துக்கு 108 யூனிட் என்கிறான். எனக்குத் தூக்கமே வரவில்லை.

வாலாஜா வயர்மேன்:

பையன் கணக்கு சரி. இப்போது யுபிஎஸ்ஸை அதன் சுவிட்சில் அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். பேட்டரிக்கு என்ன வயது? டிஸ்டில்டு வாட்டர் அடிக்கடி ஊற்றவேண்டி வருகிறதா? பக்கவாட்டில் கை வைத்தால் சுடுகிறதா? யுபிஎஸ்ஸைப் பிடுங்கிய பிறகும் மினுக்கினால் அது வேறு வியாதி, வயரிங்கில் எங்கோ எர்த் ஆகிறது, அதாவது கரண்ட் மண்ணுக்குக் கசிகிறது. அதை நீங்கள் தொடாதீர்கள், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சத்துவாச்சாரி மருமகள்:

யுபிஎஸ்ஸைப் பிடுங்கியதும் நின்றுவிட்டது ஐயா! ஐந்து நிமிடம் பார்த்தோம், ஒரு மினுக்கல்கூட இல்லை. பேட்டரி வாங்கி ஆறு வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்த வருடம் மாதம் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறோம். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது. கரண்ட் போனால் முன்பு ஒரு ராத்திரி தாங்கும், இப்போது ஒரு மணி நேரம்கூட வருவதில்லை. ஆனால் புது பேட்டரி வாங்கினால் இருக்கிற 15,000-மும் அதிலேயே போய்விடுமே? மாமியாருக்காக யுபிஎஸ் இல்லாமலும் இருக்க முடியாது.

வாலாஜா வயர்மேன்:

பேட்டரி செத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே தகடு போய்விட்டால் எவ்வளவு ஏற்றினாலும் நிறையாது. நிறையவில்லை என்று யுபிஎஸ் நாள் முழுக்க ஏற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் கரண்ட் சூடாகவும், நீங்கள் ஊற்றுகிற தண்ணீரை ஆவியாக்கவும்தான் போகிறது. அந்த ஆவியில் தீப்பிடிக்கிற வாயு இருக்கும். பேட்டரி மாமியார் அறையிலோ சாமி விளக்குப் பக்கத்திலோ இருந்தால் இன்றைக்கே காற்றோட்டமான இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.

பணத்துக்கு வழி: பழைய பேட்டரியை எடைக்குப் போடாதீர்கள். புதுசு வாங்குகிற கடையில் கொடுத்தால் விலையில் கழிப்பார்கள், உள்ளே இருக்கிற ஈயத்துக்கு மதிப்பு உண்டு. நாலைந்து கடையில் கேளுங்கள், கழிவு கடைக்குக் கடை மாறும். உங்களுக்கு 150 ஏஹெச் (பேட்டரியின் கொள்ளளவு) போன்ற பெரிய பேட்டரி தேவையா என்றும் யோசியுங்கள். மாமியார் அறை ஃபேனை பிஎல்டிசி ஆக்கிவிட்டால் அந்த அறையில் ஒரு ஃபேன், ஒரு லைட் சேர்ந்து 50 வாட்ஸ்கூட வராது. சின்ன பேட்டரியே ராத்திரியைத் தாண்டும்.

என்னைக் கேட்டால் சின்ன பேட்டரி, அந்த ஒரு ஃபேன், மாடிக்குச் சுண்ணாம்பு. கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் உங்கள் பணத்துக்குள் முடிந்துவிடும். ஃப்ளஷ் டேங்க் ஒழுகல் ஏற்கெனவே நின்றாயிற்று. ஏசியை 26-லோ 27-லோ வைத்து, கூடவே ஃபேனை நடுத்தர வேகத்தில் விடுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் ஏசி கரண்டில் 6 சதவீதம் அளவுக்குக் குறையும் என்று ஸ்டார் முத்திரை கொடுக்கிற பிஇஇ-யே சொல்கிறது. 2020 முதல் புது ஏசி எல்லாம் ஆன் செய்ததும் 24-ல் நிற்கவேண்டும் என்று விதி வைத்திருப்பதும் இதனால்தான். விடியற்காலை நாலு மணிக்கு அணைகிற மாதிரி டைமர் வையுங்கள். தளம் அந்த நேரத்துக்கு ஆறியிருக்கும்.

மே-ஜூன் 500-க்குள் வரும் என்று நான் ஆசை காட்டமாட்டேன். இரவு ஷிப்ட் வாரம் ஏசி பகலிலும் ஓடும். ஆனால் மார்ச்-ஏப்ரல் ரீடிங் எடுக்க இன்னும் நாள் இருக்கிறது, இந்தத் தடவை 500-ஐத் தாண்டாமல் நிறுத்தலாம். இன்றைய ரீடிங்கைப் பார்த்து, போன ரீடிங்கைக் கழித்து எவ்வளவு ஆகியிருக்கிறது என்று எழுதுங்கள்.

சத்துவாச்சாரி மருமகள்:

371 ஆகியிருக்கிறது ஐயா. ரீடிங் எடுக்க இன்னும் மூன்று வாரம் இருக்கும். சுண்ணாம்புக்கு ஆள் வியாழக்கிழமை வருகிறார்.

வாலாஜா வயர்மேன்:

அப்படியென்றால் நாளுக்கு ஆறு யூனிட். ஏசியை அளந்து போட்டால் முடியும், தினம் காலையில் ரீடிங்கைக் குறித்துவரச் சொல்லுங்கள் பையனை. சுண்ணாம்பு ஆளை வெயில் ஏறும் முன்னால், காலை ஆறு மணிக்கே வரச் சொல்லுங்கள். சுடுகிற தளத்தில் அடித்தால் ஒட்டாமல் பொடியாக உதிரும். மாடி டேங்க் மூடியையும் மழைநீர்க் குழாய் வாயையும் அடைத்துவிட்டு ஆரம்பிக்கட்டும்.